இருபது நிமிடம்

ஜூலை 19
டிராக்டர் இன்றும் நின்றுவிட்டது. அதே வேப்பமரத்துத் திருப்பம்.

ஜூலை 20
ராத்திரி மழை. ஏற்காட்டு மலை பாதிக்குமேல் தெரியவில்லை. காட்டில் கடலைக்கு ஏற்ற ஈரம். ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டி இறங்கினேன். இருபதாவது நிமிடம் சத்தம் ஏறி இறங்கி அடங்கியது. கால் மணி நேரம் சும்மா விட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாஸில் பழுதென்றால் ஓய்வு கொடுத்ததும் சரியாகுமா? டீசல் வரத்தில்தான் கோளாறு.

ஜூலை 21
அப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லையாம். இடது கையை மட்டும் எதையோ திருகுவது போல ஆட்டுகிறாராம். "தண்ணி பாட்டிலைக் கேக்கறாரோ என்னமோ, கண்ணு" என்கிறாள் அம்மா.

ஜூலை 22
இரண்டு டீசல் ஃபில்டரும் புதுசு. பழைய செப்பு வாசரையே போட்டால் அந்த வழியாக ஏர் இழுக்கும், அதையும் மாற்றினேன். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்தால் தொளதொள. பம்பு போச்சு என்று பாதி மனசு விட்டுப்போனது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: பம்பைத் தள்ளும் கேம் மேடு தூக்கிப் பிடித்திருக்கும் நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் கைப்பிடி வேலை செய்யாது, இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட வேண்டும். அப்பா இதையெல்லாம் உட்கார வைத்தா சொல்லித் தந்தார்? டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்ததுதான். ஏரை வெளியேற்ற ஃபில்டர் மேல் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை அடித்தேன். பிறகு நாஸிலுக்கு டீசல் தள்ளும் பெரிய பம்பில். கடைசியாக நாஸில் நட்டு மூன்றும்.

இருபத்திரண்டு நிமிடம் ஓடியது.

ஜூலை 23
மெக்கானிக் வந்தார். குழாயைத் தொடாமலே "பம்பைக் கழட்டிடலாங்க, எட்டாயிரம் ஆகும்" என்றார். வேண்டாம் என்றேன். பம்புக்கு டீசல் வருகிறதா என்று பார்க்காமல் பம்பைக் குறை சொல்கிற ஆளிடம் எட்டாயிரம் எதற்கு?

ஜூலை 24
வெயில். ஈரம் போகிறது.

ஜூலை 26
டேங்க் நிறைய டீசல். ஃபில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி லிட்டர் பாட்டிலில் பிடித்தேன். முதல் பாட்டிலுக்குப் பென்சில் கனத்தில் வந்தது, இரண்டாவது பாதியில் நூலாக இளைத்துவிட்டது. மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, மறுபடி பென்சில் கனம்! மூடியின் ஊசித் துளை வழியாகக் காற்று போனால்தானே டீசல் இறங்கும். அதை அடைத்திருந்தது பால் கவர். வாசர் நைந்து உழும்போது டீசல் தளும்புகிறதென்று அப்பா வட்டமாக வெட்டி வைத்தது.

திருகுகிற கை.

ஜூலை 27
மூடியை லேசாக வைத்து ஓட்டினேன். நாற்பது நிமிடம். நின்றது. இறங்கவே மனசில்லை.

ஜூலை 28
அந்தக் கவரில் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. கிழிந்த துண்டு எங்கே?

ஜூலை 30
டேங்கைக் கேனில் இறக்கிவிட்டுக் கழுவினேன். இருந்தது, இரண்டு விரல் அகலம். டீசல் இழுக்கும்போது குழாய் வாயை மூடிக்கொள்ளும், வண்டி நின்றதும் தளர்ந்து விலகும். கொஞ்சம் துரு, கொஞ்சம் சேறு. துண்டைத் தூக்கிப் போடாமல் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டுவதா?

ஆகஸ்ட் 1
அம்மா: "கை ஆட்டறதை நிறுத்திட்டாரு."

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. இரண்டு மணி நேரம் ஒரே ஓட்டம். வேப்பமரத்துத் திருப்பத்தில் பழக்கத்தில் கால் கிளட்சுக்குப் போனது, வண்டி பாட்டுக்குப் போனது. காடு முடிந்து நிறுத்தியபோதுதான் போனைப் பார்த்தேன். அம்மா ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.