கிராபிக்ஸ் கார்டு ஃபேன் சுற்றவில்லையா? கார்டைத் தூக்கிப் போடும் முன் பாருங்கள்

கேபினட்டைத் திறந்தால் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் அசையாமல் நிற்கிறது. அதை வைத்து மட்டும் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது. 2014-இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900 வரிசை வந்த காலத்திலிருந்து பல கார்டுகள் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. ஏஎம்டி இதை ஜீரோ ஆர்பிஎம் என்கிறது. எம்எஸ்ஐ ஜீரோ ஃப்ரோசர் என்கிறது. பொதுவாக 50 முதல் 60 டிகிரி தாண்டினால்தான் ஃபேன் கிளம்பும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது 45 டிகிரியில் ஃபேன் நின்றால் அது பழுதே இல்லை.

சந்தேகம் தீர, கார்டின் சூட்டைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளை ஓட்டுங்கள். 65 டிகிரி தாண்டியும் ஃபேன் அசையவில்லை என்றால் பிரச்சினை உண்மை. 80-ஐத் தொடும் முன் சோதனையை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, ஃபேன் வேகத்தை நாமே மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள். எந்தக் கம்பெனி கார்டானாலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஃபேன் ஸ்பீடு ஸ்லைடருக்குப் பக்கத்தில் உள்ள ஆட்டோவை அணைத்து, 70 சதவீதத்துக்கு நகர்த்தி, டிக் குறியை அழுத்துங்கள். ஃபேன் சுற்றினால் ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது, கோளாறு செட்டிங்கில். பழைய ஃபேன் கர்வ் (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற அமைப்பு) ஒன்று சேமிக்கப்பட்டிருக்கலாம், அல்லது இரண்டு மென்பொருள்கள் ஒரே ஃபேனுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு என்றால் விபயாஸையும், அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளையும், சந்தேகப்பட வேண்டும். 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் முடிவுக்கு வந்தபின் சந்தைக்கு வந்த ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகளில் பலவற்றின் விபயாஸ் மைனிங்குக்காக மாற்றப்பட்டிருந்தது. கார்டின் விளிம்பில் இரட்டை பயாஸ் சுவிட்ச் இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள்.

கட்டளை கொடுத்தும் சுற்றவில்லையா? பவர் சப்ளையை அணைத்து, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகு கார்டைக் கழற்றுங்கள். முதலில் றெக்கையில் ஏதாவது கேபிள் உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு விரலால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல ஃபேன் சில சுற்று ஓடி மெதுவாக நிற்கும். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டால் ஃபேனின் அச்சைத் தாங்கும் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. இரவு பகலாக ஓடிய மைனிங் கார்டுகளில் இதுதான் அதிகம்.

முன்பக்கம் லோகோ ஸ்டிக்கர் வெறும் அலங்காரம். பேரிங் பின்பக்க ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது. அதை உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், மிஞ்சினால் இரண்டு. விளிம்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மூடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் ஸ்டிக்கர் ஒட்டாது, ஒட்டாவிட்டால் எண்ணெய் வழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகி இறுகும். டபிள்யூடி-40 இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். பின்பக்கம் திறக்க வழியே இல்லாத ஃபேன்களும் உண்டு. அவற்றை மாற்றுவதே நல்லது.

ஃபேன் லேசாகச் சுற்றியும் ஓடவில்லை என்றால், கோளாறு மோட்டாரிலா போர்டிலா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டு ஃபேனுக்கும் தனித்தனி கனெக்டர் இருந்தால் மாற்றிச் செருகி, கார்டை மீண்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஓடாத ஃபேன் அந்தக் கனெக்டரிலும் ஓடவில்லை என்றால் ஃபேன் பழுது. நல்ல ஃபேன் இப்போது நின்றால் போர்டு பழுது. இரண்டும் ஒரே கனெக்டரில் சேர்ந்திருந்தால் ஜிபியு-இசட் காட்டும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) ஒரு ஃபேனுடையது மட்டுமாக இருக்கலாம். எண் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாமல் இரண்டையும் கண்ணால் பாருங்கள். போர்டைச் சோதிக்க, ஆஃப்டர்பர்னரில் 70 சதவீதம் வைத்து, கனெக்டரின் கிரவுண்டுக்கும் 12 வோல்ட் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். முனை பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகும், கவனம். நான்கு பின் கனெக்டரில் 12 வோல்ட் வரவில்லை என்றால் அந்த வழியிலுள்ள சிறிய ஃபியூஸோ, மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற சிறு பாகமோ போயிருக்கலாம்; சால்டரிங் தெரிந்த சர்வீஸ்காரரிடம் கொடுங்கள்.

புது ஃபேன் வாங்க, கார்டின் பெயர் போதாது. ஒரே மாடலிலேயே வெவ்வேறு ஃபேன் வருகிறது. ஃபேனின் ஸ்டிக்கரில் பிஎல்டி10010எஸ்12எச்எச் என்பதுபோல் ஒரு எண் இருக்கும். அதைச் சொல்லித் தேடுங்கள். றெக்கை விட்டம், திருகுத் துளைகளின் இடைவெளி, பின்களின் எண்ணிக்கை, ஆம்பியர் நான்கும் ஒத்துப்போக வேண்டும். வயர் நிறத்தை நம்பாதீர்கள். மாட்டும்போது ஃபேன் மூடியின் திருகுகளை மட்டும் கழற்றுங்கள். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளைத் தொட்டு ஹீட்சிங்க்கைத் தூக்கினால் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட்டே ஆக வேண்டும்.

ஃபேன் கிடைக்கும்வரை மூடியைக் கழற்றி, 92 மில்லிமீட்டர் கேஸ் ஃபேன் இரண்டை ஹீட்சிங்க்கோடு கேபிள் டையால் கட்டி மதர்போர்டில் செருகலாம். மதர்போர்டுக்குக் கார்டின் சூடு தெரியாது. ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபேனை ஜிபியு சென்சாரோடு இணைத்து, 60 டிகிரிக்கு மேல் முழு வேகம் வரும்படி வைத்துவிடுங்கள்.