மண்கட்டிச் சுவர்: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 5
மேல்மண் ஓரடி ஆழம் வெட்டி ஒதுக்கியாயிற்று. வேரும் மக்கும் கலந்த மண் கட்டிக்கு உதவாது. அடிமண்ணைக் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்திருக்கிறது. மணல் ஒரு நிமிடத்தில் படியும். களி, அதாவது களிமண்ணின் நுண்துகள், இறங்க நாளையாகும்.

ஜனவரி 6
களி 30 சதவீதம். நீரில் களி உப்பித் தெரியும் என்பதைக் கழித்தாலும் அதிகம்தான். இப்படியே அச்சில் அழுத்திக் கட்டியாக்கினால் காயும்போது வெடிக்கும். சரளையும் மணலுமாக 65, வண்டல் 15, களி 20 இருந்தால் நல்லது. மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்தால் அருகில் வந்துவிடும். மணலே கிடைக்காவிட்டால், கட்டி இறுகக் கலக்கும் சிமென்ட்டை விட்டுச் சுண்ணாம்புக்குப் போவது மேல்; களிமண்ணைப் பிடிப்பது அதுதான்.

ஜனவரி 9
சலித்த மண் 100 கிலோவுக்கு சிமென்ட் 5 கிலோ. 24×24×9 செ.மீ. கட்டி ஏறக்குறைய 10 கிலோ, ஆக ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு ஏறக்குறைய நூறு கட்டி. நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகவே புரட்டிவிட்டு, பிறகு பூவாளியால் நீர். கைப்பிடி உருண்டையை இடுப்புயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடிந்தால் நீர் போதாது, தட்டையாக அப்பினால் மிஞ்சிவிட்டது. நனைத்த கலவையை அரை மணிக்குள் அழுத்திவிட வேண்டும்.

முதல் கட்டிகளில் மூலை உதிர்ந்தது. உடனே "சிமென்ட்டைக் கூட்டு" என்பார்கள். வீண் செலவு. அச்சின் மூலைகளில் மண்ணைக் கையால் அமுக்கி நிரப்பியதும் சரியாயிற்று.

ஜனவரி 11
கட்டிகள் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்தன. இனி நாள்தோறும் நீர், 28 நாள் ஆகும்வரை. பலர் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். போட்ட சிமென்ட்டில் ஒரு பகுதி வேலையே செய்யாமல் போகும்.

பிப்ரவரி 8
ஒரு நாள் முழுக்க ஊறிய கட்டியை ஆணியால் கீறிப் பார்த்தாயிற்று, விளிம்பு கரையவில்லை. ஈரத்தில் வலிமை பாதியாகக் குறையும், அதனால் சோதனை ஈரத்தில்தான்.

சாந்து: சிமென்ட் 1, மண் 1, மணல் 6. கட்டியைவிடச் சாந்து கெட்டியானால் விரிசல் இணைப்பை விட்டுக் கட்டியின் ஊடே ஓடும். அடிப்பீடம் கருங்கல்லில் ஒன்றரை அடி, கூரை விளிம்பு இரண்டடி வெளியே. வெளிப்பூச்சு தேவையென்றால் சுண்ணாம்பு மட்டும். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துக் காலப்போக்கில் பாளம் பாளமாகக் கழன்றுவிடும்.