விசேஷமா?

ஜூன் 3, செவ்வாய்
கரு தங்கியிருக்கிறதா என்று பார்க்க 16ஆம் தேதி ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மாடிப்படி வேண்டாம் என்கிறார் அத்தை.

ஜூன் 5, வியாழன்
மாத்திரையில் வயிறு உப்பி, பழைய சுடிதார் ஒன்றும் ஏறவில்லை. விளக்குத்தூண் பக்கம் நாலு கடை பார்த்தேன், நாலிலும் ஆலியா கட்தான், மார்புக்குக் கீழேயே சுருக்கு வைத்தது. ஸ்ட்ரெயிட் கட் கேட்டால், "அதெல்லாம் இப்ப யாருக்கா போடுறா" என்கிறது அந்தப் பெண். வேறு வழியில்லாமல் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று எடுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி
கோயிலில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விசேஷமா, எத்தனை மாசம்.

ஜூன் 8, ஞாயிறு
கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். மார்புக்குக் கீழே கூம்பாக ஒரு தையல், அங்கேயே சுருக்கு வைத்து மொத்தத் துணியையும் விட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது, எல்லாம் வயிறுதான். அனார்கலி கூட இதற்குத் தேவலை, அது இடுப்பையாவது பிடிக்கும். ஆலியா பட் ஒல்லி, அவருக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மதுரையில் உள்ள அத்தனை பேருக்கும் ஏன் இதையே தைத்துத் தொங்கவிடுகிறார்கள்? ராத்திரி தூக்கம் வராமல் செல்லில் தேடினேன். நெப்போலியன் காலத்துப் பிரான்சிலேயே இப்படி மார்புக்குக் கீழ் தையல் வைத்த கவுன் உண்டாம், எம்பயர் என்று பெயர். பிள்ளைத்தாச்சிகளுக்கு விற்கிற கவுன்களிலும் இதே வெட்டுதான் வருகிறது. அப்புறம் கேட்கிறவர்களை என்ன சொல்ல? ஆனாலும் கேட்காமல் இருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்
மாத்திரை. தூக்கம்.

ஜூன் 11, புதன்
புது மண்டபத்தில் இருந்தாரே அந்த டெய்லர், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார். இடுப்பில் பிடித்துத் தரச் சொன்னேன். "சுருக்கைப் பிரிச்சா ரயான் துணி, கோணலாத் தொங்கும்மா. பேசாம அப்படியே போடுங்க. எத்தனாவது மாசம்?" பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுகை வந்தது.

ஜூன் 13, வெள்ளி
கோயிலுக்குப் போகவில்லை.

ஜூன் 14, சனி
வயிறு வலிக்கிறது. நல்லதா கெட்டதா என்று யாரைக் கேட்பது.

ஜூன் 16, திங்கள்
ராத்திரி மழை, துவைத்தது எதுவும் காயவில்லை, கத்தரிப்பூதான் போட்டுக்கொண்டு போனேன். லேபில் கூட்டம். ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும் எழுந்து, "உட்காரு தாயி, இந்த நேரத்துல நிக்கக் கூடாது" என்றார். உட்கார்ந்துகொண்டேன். நாலு மணிக்குச் சொல்வார்கள்.