ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியும் கவந்தி

போன ஞாயிறு தோழிகள் மூன்று பேரும் நானும் பழைய புடவைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கவந்தி தைத்துப் பார்த்தோம். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள், அவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர், தைக்கும் ஒட்டுப்போர்வை அது.

துண்டுகளை முதலில் இணைத்துவிட்டு அப்புறம் அடித்துணியோடு சேர்ப்பதுதான் எங்கள் பழக்கம். இதில் அடியில் ஒரு புடவையை விரித்து, மூலையில் தொடங்கி, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் விரலாலேயே உள்ளே மடித்து, எல்லா அடுக்கிலும் ஊசி இறங்கும்படி ஓடுதையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். அளவுகோல் கிடையாது, பஞ்சும் வேண்டாம்.

நூலை இறுக்கி இழுத்ததில் முதல் வரிசை சுருங்கிவிட்டது, பிரித்துத் திரும்பத் தைத்தோம். ஒருத்தி தன் அம்மாவின் சுங்குடிப் புடவையை வெட்ட மனமில்லாமல் வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தாள். கடைசியில் கிழிந்த முந்தானையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்தாள், வெளிறிய அரக்கில் புள்ளிகள் மட்டும் அப்படியே வெள்ளையாக இருந்தன. அதை நடுவில் வைக்கப் போகிறோம்.

நான்கு மூலையிலும் மடித்த துணியால் ‘பூலா’, அதாவது பூ, வைத்தால்தான் கவந்தி முழுமை என்பார்கள். எங்களுடையதில் நான்கும் வைத்தாயிற்று. நடுவுக்கு வர இன்னும் ஒரு முழம் இருக்கிறது.