பதினொரு மாதத் தையல் கணக்கு

எங்கள் வீட்டில் அம்மாவின் உஷா தையல் இயந்திரம் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துணி மடித்து வைக்கும் மேசையாகவே இருந்து வந்தது. சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரத்தில், என் ஜாக்கெட் மூன்றுக்குக் கூலியும் மகனின் கால்சட்டை இரண்டுக்கு நீளம் இறக்கிய கூலியுமாக ஒரே வாரத்தில் 1,150 ரூபாய் போன பிறகுதான், மேலே குவிந்திருந்த துணிகளை இறக்கிவிட்டு அதன் மூடியைத் திறந்து பார்த்தேன். தோல் பெல்ட் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. சக்கரம் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. அன்றே ஒரு பழைய நோட்டை எடுத்து, இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் மிச்சம் என்று கோடு போட்டேன். தையலில் சிக்கனம் உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு உண்டு என்று கணக்கு எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

வீட்டுக்கே வந்து பழுது பார்த்தவர் 750 ரூபாய் வாங்கினார். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியிலிருந்து, பழைய எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து வடைபோல் இறுகிக் கிடந்த ஒரு கட்டியை ஊசியால் குத்தி எடுத்துக் காட்டினார். புது பெல்ட்டுக்கு 100 ரூபாய்.

முதல் வாரம் நூலே கோக்கவில்லை. மகனின் பழைய கோடு போட்ட நோட்டுத் தாள்களைக் கிழித்து, வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகினேன். பிறகு சதுரம், பிறகு வட்டம். தையல் வகுப்புகளில் காலங்காலமாக இப்படித்தான் தொடங்குகிறார்கள். காலால் மிதிப்பது எளிது, மிதித்துக்கொண்டே கையை அமைதியாக வைத்திருப்பதுதான் கடினம் என்பது அப்போது தெரிந்தது. சக்கரம் நம் பக்கமாகவே சுழல வேண்டும். மிதியில் கால் சற்றுத் தடுமாறினாலும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றுவிடும், நூல் கோத்திருந்தால் அறுந்துவிடும். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும் என்பதால் அதைத் துணிக்குப் பயன்படுத்தக் கூடாது; எனக்கு அது தெரியாமல், மெல்லிய பருத்தித் துணி ஒன்றில் வரிசையாக ஓட்டை விழுந்தது.

நூல் கோத்த பிறகு புதுத் தொல்லை தொடங்கியது. மேலே பார்த்தால் தையல் ஒழுங்காக இருக்கும். துணியைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கச் சுருள் சுருளாக நூல் தொங்கும். அடியில் வரும் கோளாறு அடி நூலில்தான் இருக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டு, அடி நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸின் சிறு திருகை இரண்டு மாலைப்பொழுதுகள் திருப்பித் திருப்பி, இருந்த அமைப்பையும் கெடுத்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தார். முப்பது ஆண்டுகள் தைத்தவர். கண் பார்வை குறைந்ததால் நிறுத்திவிட்டவர். இயந்திரத்தைத் தொடாமலேயே, "கீழ சுருண்டா மேல் நூல்ல தப்பு அம்மணி, காலைத் தூக்கி வெச்சு நூல் கோத்தியா?" என்று கேட்டார். நான் தூக்கவில்லை. துணியை அழுத்தும் கால் கீழே இறங்கியிருக்கும்போது மேல் நூலின் இறுக்கத் தட்டுகளும் மூடிக்கொள்கின்றன. அப்போது கோத்த நூல் தட்டுகளுக்கு இடையில் போய் உட்காராமல், பிடிப்பின்றித் தளர்ந்து இறங்கி அடியில் சுருள்கிறது. காலைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்ததும் சரியாகிவிட்டது. அடி நூலின் இறுக்கத்தைச் சோதிக்கவும் அவரே சொல்லிக் கொடுத்தார்: நூலைப் பிடித்துப் பாபின் கேஸைத் தொங்கவிட்டால் அது தானாக இறங்கக் கூடாது, கையை ஒரு வெட்டு வெட்டினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும்.

இயந்திரங்களை எதிர்த்த காந்தியும் 1924இல், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. ராமச்சந்திரன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் துன்பப்படுவதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். ஒரே காலத்தில் பல குடும்பங்களை வைத்திருந்த ஐசக் சிங்கரின் இல்லறக் கதையை அறிந்தவர்கள் அந்த அன்பைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். பாபின் திருகோடு மல்லுக்கட்டிய அந்த இரண்டு மாலைகளில் எனக்கும் அன்பு எதுவும் தோன்றவில்லை.

ஜூலையில் தைத்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம்: பழைய வேட்டியில் நான்கு கடைப் பைகள், கிழிந்த சேலையில் ஆறு தலையணை உறைகள். நேர்த்தையல் மட்டுமே தேவைப்படும் வேலைகள் என்பதால் தவறினாலும் துணி வீணாகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்துப்போன வேலை ஆகஸ்டில் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் சென்னிமலைப் போர்வை இல்லாத வீடு இல்லை. நல்ல கனமான பருத்தி. ஆனால் ஆண்டுக்கணக்கில் படுத்துப் புரண்டதில் நடுப்பகுதி மட்டும் வலைபோல் நைந்துவிடும், ஓரங்கள் புதிதுபோலவே இருக்கும். அப்படிப்பட்ட போர்வையை நீளவாக்கில் நடுவில் இரண்டாக வெட்டி, இரு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து இணைத்துவிட்டு, நைந்த பகுதியை வெளி ஓரங்களாக்கி மடித்து அடித்துவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். நடுவில் வரும் இணைப்பு முதுகில் உறுத்தாமல் இருக்க, தையலின் ஒரு பக்கத் துணியைப் பாதியாக நறுக்கி, மறுபக்கத் துணியை அதன் மேல் மடித்துப் படுக்கவைத்து, இரண்டாவது தையல் போட வேண்டும். 14ஆம் எண் ஊசி இரண்டு முறை உடைந்த பிறகு, அதைவிடத் தடித்த 16ஆம் எண் ஊசிக்கு மாறினேன். மூன்று போர்வைகளை இப்படி மீட்டேன். துணிச்செலவு எதுவும் இல்லை.

செப்டம்பரில் உள்பாவாடைக்கு வந்தேன். 36 அங்குல அகலமுள்ள பாப்ளின் இரண்டு மீட்டர் வாங்கி, அதை 39 அங்குல நீளத்தில் இரண்டாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும், மேலே 8 அங்குலமும் கீழே 14 அங்குலமும் உள்ள மூன்று துண்டுகளை, ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினால் ஆறு துண்டுகள் கிடைக்கும். தையலுக்குத் துண்டு ஒன்றுக்கு ஓர் அங்குலம் போக, இடுப்புச் சுற்று 42, அடிச்சுற்று 78. நாடா நுழைக்கும் பட்டிக்குப் பழைய துணி போதும். கணக்கு இத்தனை அழகாக இருந்தும், முதல் பாவாடையின் அடி ஓரம் படிக்கட்டுபோல் ஏறி இறங்கியது. இயந்திரத்தின் பல் அடியிலிருக்கும் துணியை மட்டுமே இழுக்கிறது, மேல் துணி பின்தங்குகிறது. ஒரு நீளம் தைத்து முடிப்பதற்குள் அரை அங்குலம் வேறுபட்டுவிடுகிறது. குறுக்காக வெட்டிய ஓரம் இழுபடும் என்பதால் இன்னும் மோசம். கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொண்ட பிறகே இயந்திரத்தில் அடிப்பது என்று அன்று முதல் வைத்துக்கொண்டேன். நேரம் கூடுகிறது, பிரிக்கும் வேலை குறைகிறது.

ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்து வரைவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைப் பிளேடால் தையல் தையலாகப் பிரித்து, முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, கை இரண்டு, பட்டிகள் எனத் தனித்தனியாக இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் வைத்து வரைந்தேன். இது புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன். தைத்துப் போட்டுப் பார்த்தபோது தோள்பட்டை இரு பக்கமும் நழுவியது. ஐந்து ஆண்டுகள் உடுத்தித் துவைத்த துணியில் நேர் ஓரங்கள் அப்படியே இருந்தாலும், கழுத்தும் கைக்குழியும் வளைந்து வெட்டப்பட்டவை என்பதால் விரிந்துபோயிருக்கின்றன. நான் வரைந்தது ஜாக்கெட்டின் அளவை அல்ல, அதன் தளர்ச்சியை. போதாததற்கு, கழுத்தை உள்ளே மடித்து அடிக்கும்போது மடித்த அளவுக்குக் கழுத்து மேலும் பெரிதாகும் என்பதையும் நான் எண்ணவில்லை.

இரண்டாவது ஜாக்கெட் சரியாக அமைந்து, ஒரு கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டு போனேன். முதல் முறை துவைத்ததும் மேல்துணி முழுக்கக் குமிழ் குமிழாக எழும்பி நின்றது. அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"லைனிங்கை நனைச்சுக் காய வெச்சு வெட்டினியா அம்மணி?"

"இல்லீங்கக்கா."

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. பருத்தி லைனிங் முதல் நனைப்பில் சுருங்கும். மேல்துணி பட்டோ செயற்கை இழையோ என்றால் அந்த அளவுக்குச் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்ட பிறகு லைனிங் உள்ளிருந்து இழுக்கிறது. இப்போது லைனிங், சேலைக்கு அடிக்கும் ஃபால்ஸ் எதுவானாலும் வாங்கி வந்த அன்றே வாளித் தண்ணீருக்குள் போய்விடுகிறது. ஃபால்ஸ் அடிப்பது மட்டும் இன்றும் கைத்தையல்தான். இரவுச் செய்தி ஓடி முடிவதற்குள் ஒரு சேலை முடிந்துவிடும்.

இந்த ஏப்ரல் இறுதியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். பழுதும் பெல்ட்டும் 850, கத்தரிக்கோல் 350, ஊசி, நூல், டேப், சாக் 400, வீணான துணி 700, ஆக 2,300 ரூபாய் செலவு. வலப்பக்கத்தில், உருப்படியாக அமைந்த நான்கு ஜாக்கெட்டுகளின் கூலி 1,400, ஐந்து உள்பாவாடைகளில் கடை விலையோடு ஒப்பிட்டு 500, ஒன்பது சேலைகளின் ஃபால்ஸ் 630, நீளம் இறக்குதல், பக்கம் பிடித்தல், ஜிப் மாற்றுதல் எனப் பதினான்கு சில்லறை வேலைகள் 700, போர்வைகள் 1,200, உறைகள் 480, ஆக 4,910. நிகர மிச்சம் 2,610 ரூபாய். நான் தைத்த ஜாக்கெட் ஒன்றுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. போர்வையோ ஒரு மதியம்தான். வலப்பக்கத்து 4,910இல் ஏறக்குறைய பாதி வீட்டில் கிடந்த பழைய துணியிலிருந்தும் சில்லறைப் பழுதுகளிலிருந்தும் வந்தது. அந்த வேலைகளுக்குத் திறமையும் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆனால் நோட்டில் எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை கூடும் ஜவுளிச் சந்தைக்கு, கனி மார்க்கெட்டுக்கு, இந்த ஆண்டு நான்கு முறை போனேன். தைக்கத் தெரியாத காலத்தில் கட் பீஸ் குவியல்களைப் பார்க்காமலே கடந்துவிடுவேன். தைக்கத் தெரிந்த பிறகு ஒவ்வொரு துண்டும் ஒரு ஜாக்கெட்டாகவோ பாவாடையாகவோ கண்ணுக்குத் தெரிகிறது. அப்படி வாங்கி, கத்தரி படாமல் அலமாரியில் அடுக்கியிருக்கும் துணி 1,800 ரூபாய்க்கு இருக்கிறது. அதையும் இடப்பக்கம் எழுதினேன். மிச்சம் 810 ரூபாய் ஆயிற்று. அலமாரியின் அந்தத் தட்டு காலியாகும் வரை சந்தைக்குப் போவதில்லை என்று வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் நம்பவில்லை.

இப்போது இயந்திரத்தின் மேல் கணவரின் சட்டை ஒன்று கிடக்கிறது. காலரின் மடிப்பு ஓரம் மட்டும் கழுத்தில் உரசி நார் நாராக வந்துவிட்டது. மற்றபடி நல்ல சட்டை. காலரை அதன் கழுத்துப் பட்டியிலிருந்து மட்டும் பிரித்து, நடுப்புள்ளியைச் சாக்கால் குறித்துக்கொண்டு, புரட்டி அதே இடத்தில் செருகித் தைக்க வேண்டும். நேற்று இரவு பிரித்து முடித்தேன். இத்தனை நாள் உட்பக்கமாக மறைந்திருந்த முகம், சட்டையின் மற்ற பகுதிகளைவிட இரண்டு பங்கு அழுத்தமான நீலமாக இருக்கிறது. அப்படியே வைத்துத் தைத்தால் காலர் மட்டும் தனியாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும் என்கிறார் அவர். எனக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை.