வெண்காரத்தோடு ஓர் எடை

"இது உங்களுக்காகப் போடுகிற எடை இல்லை சார், எனக்காகப் போடுவது" என்று அந்த அக்கா சொன்னபோது நான் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த வேலையில் மற்றதெல்லாம் மங்கிப்போக, இது மட்டும் அப்படியே நிற்கிறது.

சேலம் சிவதாபுரம் பக்கத்தில் ஒரு கொலுசுப் பட்டறை. வெள்ளியும் செம்பும் சேர்த்து உருக்குவதில் தொடங்கி மெருகு ஏறி வெளியே வரும்வரை ஒரு லாட் 11 முறை தராசில் ஏறியது. ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை, ஒரு நோட்டு, ஒரு கையெழுத்து. உட்கார்ந்து எழுந்த இடத்துத் தூசியைக்கூடக் கூட்டி எடுத்து வைக்கிற தொழிலில் இது ஆச்சரியமில்லை. ஆனால் ஆர்டர் தாமதமாகிறது என்றுதான், வேலைமுறைகளைச் சீராக்கும் ஆலோசகனான என்னை முதலாளி அழைத்திருந்தார். ஒவ்வொரு படியையும் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, எடுத்துவிடலாம் என்று தோன்றியவற்றின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வகுத்த ஏழு வீண்களைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பும் எடுத்தேன். காத்திருப்பதும் வீண், தேவைக்கு மேல் செய்கிற வேலையும் வீண் என்றதும் முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அக்காவின் வேலை, வீட்டில் வைத்துச் சலங்கை பற்றவைப்பது. பற்றவைத்ததைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர் முன்னாலேயே எடை போடுவார்கள். அடுத்த நாள் அமிலத்தில் கழுவிய பிறகு மறுபடியும் ஓர் எடை. முதல் எடைக்கு நான் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். இன்றும் சொல்கிறேன், கணக்குப்படி அது சரி. பற்றவைக்கும்போது இடுகிற வெண்காரம் (போராக்ஸ்) கொலுசில் கருகி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே கை செய்த இரண்டு ஜோடியில்கூட அது ஒரே அளவாக இருக்காது. தராசு காட்டுவது வெள்ளியின் எடையே அல்ல. கழுவிய பிறகு வருவதுதான் உண்மையான எண். அளவீட்டைச் சரிபார்க்காமல் எதையும் மேம்படுத்தக்கூடாது என்பது இந்த முறையின் பாலபாடம். 20 ஜோடியைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு அட்டவணையாகவே காட்டினேன்.

அக்கா அட்டவணையைப் பார்த்தார். "பொய் எடையாகவே இருக்கட்டும் சார். நான் நிற்கும்போது போட்ட எடை" என்றார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. தேதி, கிராம், பக்கத்தில் பட்டறைக் கணக்கரின் சுருக்கொப்பம். எல்லாம் பென்சிலில். ஓரங்களில் வெண்காரம் பட்டுத் தாள் விறைத்துப்போயிருந்தது. "இனிமேல் இதற்கு வேலை இல்லை அக்கா. நீங்களும் வரிசையில் நிற்க வேண்டாம்" என்றேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நம்பித்தான் சொன்னேன். அவர் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

11 எடை 6 ஆனது. 9 நாளில் முடிந்த லாட் 6 நாளில் முடிந்தது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அந்தப் பட்டறைக்கு அப்போது அது தேவைப்பட்டது.

மூன்றாவது மாதம் ஒரு லாட்டில் கழுவிய பிறகு 14 கிராம் குறைந்தது. வெள்ளி பற்றவைத்த இடத்தில் போனதா, வழியில் போனதா, அமிலத் தொட்டியின் அடியில் கிடக்கிறதா? முன்பு என்றால் கழுவுவதற்கு முந்தைய எடையை வைத்துக்கொண்டு, துல்லியமாக இல்லாவிட்டாலும், எந்தக் கையோடு நின்றது என்று சொல்லியிருக்கலாம். இப்போது சொல்ல முடியவில்லை. அந்த லாட்டைத் தொட்ட ஐந்து பேரின் கூலியிலும் பிடித்தார்கள். பிடிக்கச் சொன்னது நான் அல்ல. பிடிக்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என் வேலையின் எல்லைக்குள் வராது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகு அக்கா அங்கே வேலை வாங்குவதில்லை. அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மகளுக்குக் குழந்தை பிறந்து ஆத்தூர் போனதாகவும் சொன்னார்கள். வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்த சமயமும் அதுதான். இப்படிக் காரணங்களை அடுக்கும்போது, ஒரு சிக்கலின் காரணங்களை முள்முள்ளாகப் பிரித்துக் காட்டும் மீன்முள் வரைபடத்தில் எனக்குப் பிடித்த முள்ளை மட்டும் தடிமனாக வரைகிறேனோ என்றும் சந்தேகம் வருகிறது.

தரமேம்பாட்டு அறிஞர் டெமிங்கின் 14 கோட்பாடுகளை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது, தரத்துக்காகச் சோதனையையே நம்பியிருக்காதே என்பது. எட்டாவது, அச்சத்தைத் துரத்து என்பது. அந்தப் பட்டறையில் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு எட்டாவதை விட்டுவிட்டேன் என்று பிறகு ஒரு கூட்டத்தில் பேசினேன். கைதட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அங்கே அச்சம் இருப்பதே அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தும் விட்டுவிட்டதுபோல அல்லவா பேசியிருக்கிறேன்? ஐந்து முறை "ஏன்" கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறவன், இந்த எடை ஏன் என்று அவரிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

போன மாதம் பனங்காட்டில் இன்னொரு பட்டறை. அதே வெண்காரம், அதே எடை. அதற்கும் சிவப்புச் சீட்டுதான் ஒட்டினேன். வேறு என்ன ஒட்டுவது, கணக்கு மாறவில்லையே. ஆனால் ஒட்டும் முன் பற்றவைக்கிற பெண்ணிடம் கேட்டேன். "எடுத்துவிட்டால் நல்லதுதான் சார், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்றார். அப்போது முதலாளி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.