ஏழாவது பிட்

"அண்ணா, நாம அழிக்கிற அந்த ஏழாவது பிட் என்னன்னு தெரியுமா?" என்று கூட வேலை செய்யும் பெண் கேட்டாள். "லைன் உயிரோட இருக்குல்ல, இப்போதைக்கு அது போதும்மா" என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்குள் மட்டும் இன்னும் முடியவில்லை.

'என்னைக் கவனி' என்று சாதனம் செயலியைக் கூப்பிடுவதுதான் இன்டரப்ட். அது வரும் லைன் லெவல் ட்ரிகர், அதாவது காரணத்தை அழிக்கும்வரை ஏறியே நிற்கும், அதில் இரண்டு சாதனங்கள். கூப்பிட்ட காரணத்தைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் எங்கள் சாதனம் ஏழாவது பிட்டை ஏற்றியது. அந்த பிட் டிரைவருக்கு, அதாவது சாதனத்தை இயக்கும் எங்கள் நிரலுக்கு, தெரியாததால், இன்டரப்ட் வந்ததும் ஓடும் அதன் ஹேண்ட்லர் 'என்னுடையது அல்ல' என்று ஐஆர்க்யூ நன் திருப்பியது. அழிக்க ஆளில்லாததால் லைன் இறங்கவில்லை, ஹேண்ட்லர் ஓயாமல் அழைக்கப்பட்டது. 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போனால், லினக்ஸ் கர்னல் லாகில் 'நோபடி கேர்ட்' என்று எழுதிவிட்டு லைனையே மூடிவிடும். மூடியது. அதே லைனில் இருந்த நெட்வொர்க் கார்டு எந்தத் தப்பும் செய்யவில்லை, அதுவும் சேர்ந்து ஊமையானது.

நான் செய்தது இரண்டு வரி மாற்றம். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படி, ஏறியிருக்கும் பிட்டுகளை அப்படியே திருப்பி எழுதி அழி, 'கவனித்தாயிற்று' என்று ஐஆர்க்யூ ஹேண்டில்ட் திருப்பு. இது தவறான முறையே அல்ல. நல்ல டிரைவர்கள் பலவற்றிலும் இதே வரிகளைப் பார்க்கலாம். ஆனால் அவை அழித்த பிட் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு வேலை செய்கின்றன. நான் அழித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, வந்த டேட்டாவில் ஆங்காங்கே ஓட்டைகள். சாதனத்தின் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தவளும் அவள்தான். ஏழாவது பிட்: ஃபிஃபோ ஓவர்ரன், அதாவது வந்த டேட்டா வரிசையில் காத்திருக்கும் சிறு நினைவகம் வழிந்துவிட்டது. நாங்கள் ஹேண்ட்லருக்குள்ளேயே எல்லாக் கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தோம், அதற்குள் ஃபிஃபோ நிரம்பி வழிந்தது. சாதனம் முறையிட்டதே எங்கள் தாமதத்தைப் பற்றித்தான். ஹேண்ட்லர் ஃபிஃபோவைக் காலி செய்தால் போதும், மிச்சத்தைப் பிறகு தனியாக ஓடும் த்ரெட் பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றியதும் அந்த பிட் ஏறுவதே நின்றது. "அன்னைக்கே கேட்டேனே" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று அவசரம் உண்மைதான். நெட்வொர்க் செத்துக் கிடக்கும்போது கையேட்டைப் புரட்ட யாருக்கு நேரம்? இன்று அதே நிலை வந்தாலும் முதலில் லைனைத்தான் காப்பாற்றுவேன். தெரியாத பிட்டுகளை எண்ண ஒரு கவுன்ட்டரும் சேர்ப்பேன், இப்போது எல்லா டிரைவரிலும் சேர்க்கிறேன். அதைத் தினமும் யாராவது பார்க்கிறார்களா என்றால், நானே பார்ப்பதில்லை.

அப்படியானால் எதைத் தவறு என்கிறேன்? அந்த இரண்டு வரியை அல்ல என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டது 'தெரியுமா' என்று. "தெரியல" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அன்று மாலையே அவள் கையேட்டை எடுத்திருப்பாள்.